‘நிறுத்திவைப்பு’ என்றால் என்ன? சட்டமன்றச் சொற்களை வாசித்தல்

2023 ஏப்ரல் 6 அன்று சென்னை ஆளுநர் மாளிகையில், குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களிடம் ஆளுநர் ஆர்.என். ரவி ஒரு சொல்லுக்கு உரை சொன்னார். சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பும் மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதலை ‘வித்ஹோல்டு’ செய்கிறார் என்றால் அந்த மசோதா செத்துவிட்டது என்று பொருள். நிராகரிப்பைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிற சொல்தான் அது. அவர் சொன்னதன் சாரம் இது. அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் நாம் ‘நிறுத்திவைத்தல்’ என்று எழுதுகிறோம்.

நான்கு நாள் கழித்து, மசோதாக்களுக்கு ஒப்புதல் தர ஆளுநர்களுக்குக் காலக்கெடு வேண்டும் என்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பரில் பத்து மசோதாக்கள் ஒப்புதல் கிடைக்காமல் பேரவைக்குத் திரும்பின. பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் தொடர்பானவை. துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதே அவற்றின் மையக் கேள்வி. நவம்பர் 18 அன்று பேரவை கூடிப் பத்தையும் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. பத்தே நாளில் ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் 2025 ஏப்ரலில் ஒரு தீர்ப்பாகவும், நவம்பரில் ஐந்து நீதிபதிகளின் ஒரு கருத்துரையாகவும் முடிந்தது. இவ்வளவு பெரிய சண்டைக்கு நடுவே உட்கார்ந்திருந்தது ஒரு வினைச்சொல்.

ஒரு கவிதையில் ‘கூட’ என்ற சொல் ‘உடன்’ என்ற பொருளில் வருதா, ‘அதுவும்’ என்ற பொருளில் வருதா என்று விடிய விடிய மல்லுக்கட்டுகிறவர்கள் நாம். அந்த வாசிப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சட்டமன்றச் சொற்களுக்குக் கொடுப்பதில்லை. அதெல்லாம் டிஎன்பிஎஸ்சி கைடு சமாச்சாரம், மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துடலாம் என்று விட்டுவிட்டோம். கைடு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி விளக்கம் தரும். அந்தச் சொல் எதை மறைக்கிறது என்று சொல்லாது.

இங்கே சில சொற்களை மட்டும் எடுத்து, ஒரு பிரதியை வாசிப்பதுபோல் வாசித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு சொல்லிடமும் மூன்று கேள்வி கேட்கலாம். இதில் எழுவாய் யார்? இதை யார் தடுக்க முடியும்? இது எப்போது முடிவுக்கு வரும்?

கறுத்த தாள், சம்மதச் சீட்டு, சவுக்கு

‘மசோதா’விலிருந்து தொடங்கலாம். அரபியில் கறுப்பைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, உருது வழியாக நம்மிடம் வந்த சொல். ‘கறுப்பாக்கப்பட்டது’ என்பது அதன் நேர்ப்பொருள். மையால் கறுத்த தாள். அடித்தலும் திருத்தலுமாக இருக்கும் முதல் படி. எழுதுகிறவர்களுக்கு இதைவிட நெருக்கமான சொல் இருக்குமா! இது இன்னும் முடியவில்லை, இதில் கை வைக்கலாம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேரவை இதைச் ‘சட்டமுன்வடிவு’ என்கிறது. நல்ல சொல், சட்டத்துக்கு முந்தைய வடிவம். இலங்கைத் தமிழில் ‘சட்டமூலம்’. அங்கே எனக்கு ஒரு சின்ன நெருடல் உண்டு. ‘மூலம்’ என்றால் நம் காதுக்கு அசல் என்று கேட்கிறது. மூலநூலில் யாரும் கை வைப்பதில்லை. திருத்துவதற்காகவே அவைக்கு வரும் ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்துகிறதா?

‘ராஜினாமா’ இன்னும் வேடிக்கை. பாரசீகத்தில் அது சம்மதப் பத்திரம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டதை எழுதிய சீட்டு. நம் ஊருக்கு வந்ததும் பதவி விலகல் கடிதமாகிவிட்டது. பழைய பொருள் முழுசாகச் சாகவில்லை என்று நினைக்கிறேன். 2017 பிப்ரவரி 5 அன்று ஓ. பன்னீர்செல்வம் முதல்வர் பதவியை ராஜினாமா செய்தார். இரண்டு நாள் கழித்து மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் உட்கார்ந்து தியானம் செய்துவிட்டு எழுந்தவர், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றார். அப்போது ஊரே கேட்ட கேள்வி, அந்தச் சொல்லுக்குள் முன்பே இருந்த கேள்விதான்: சம்மதம் யாருடையது?

அடுத்தது ‘கொறடா’. தினமும் செய்தியில் கேட்கிறோம். ‘அரசு கொறடா’, ‘கொறடா உத்தரவு’. அந்தச் சொல்லுக்குச் சவுக்கு என்று பொருள். ஆங்கிலத்தில் ‘விப்’. அதன் ஊர் பிரிட்டிஷ் நரிவேட்டை. வேட்டை நாய்கள் கூட்டத்தை விட்டு விலகாதபடி சவுக்கோடு பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ‘விப்பர்-இன்’ என்று பெயர். அதைத்தான் சுருக்கி நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோனார்கள். அப்படியானால் உறுப்பினர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை 1985இல் 52ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்தது. அதில் தேடிப் பாருங்கள், ‘விப்’ என்ற சொல்லே கிடையாது. கட்சி தரும் ‘அறிவுறுத்தல்’ என்றுதான் மரியாதையாக இருக்கிறது. அந்த அறிவுறுத்தலுக்கு மாறாக வாக்களித்தால் பதவி போகும். சட்டத்தின் மொழி ‘அறிவுறுத்தல்’ என்கிறது, புழக்கத்து மொழி ‘சவுக்கு’ என்கிறது. இரண்டில் எது நேர்மையான சொல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே அட்டவணையில் இன்னொரு தொடர், ‘தாமாக முன்வந்து’ கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிடுதல். 2017இல் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். கட்சியை விட்டுப் போகவில்லை என்றே கடைசி வரை வாதாடினார்கள். பேரவைத் தலைவர் ப. தனபால் அந்தச் செயலையே ‘தாமாக முன்வந்து கைவிட்டதாக’ வாசித்து, செப்டம்பர் 18 அன்று 18 பேரின் பதவியையும் பறித்தார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றமும் அந்த முடிவை ஏற்றது. 2019 இடைத்தேர்தல் வரை அந்தத் தொகுதிகளின் மக்களுக்குப் பேரவையில் ஆள் இல்லை. முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். ‘நான் போகவில்லை’ என்று கத்துகிறவரைப் பார்த்து ‘நீ தாமாகப் போய்விட்டாய்’ என்று சொல்ல ஒரு தொடரால் முடிகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அங்கே எழுவாய் உறுப்பினர். ஆனால் வினையைச் செய்பவர் தலைவர்.

தீர்மானம் நிறைவேறியது. அப்புறம்?

‘தீர்மானம்’ நம் பேச்சில் முடிவுக்குச் சமம். ‘தீர்மானமா சொல்லிட்டாரு’ என்றால் இனி பேச்சே இல்லை என்று அர்த்தம். ‘நிறைவேறியது’ என்றால் ஆசை நிறைவேறியது, கனவு நிறைவேறியது. இந்த இரண்டும் சேர்ந்து ‘தீர்மானம் நிறைவேறியது’ என்று தலைப்புச் செய்தியாக வரும்போது, வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது வாசகரின் தப்பு இல்லை. மொழி அப்படித்தான் சொல்கிறது.

நடைமுறை வேறு. நம் மாநிலத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்கக் கோரி 76 நாள் உண்ணாவிரதம் இருந்து சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர் விட்டார். 1967 ஜூலை 18 அன்று அண்ணா முதல்வராக இருந்தபோது பெயர் மாற்றத் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. ஆனால் மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம், அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவின்படி, நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. 1968இல் அங்கே சட்டம் வந்து, 1969 ஜனவரி 14 அன்றுதான் பெயர் நடைமுறைக்கு வந்தது. பேரவை தீர்மானித்ததற்கும் பெயர் மாறியதற்கும் இடையே ஒன்றரை ஆண்டு.

இதை வைத்து, தீர்மானம் என்றால் வெத்து வேட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த 1967 தீர்மானம் இல்லாமல் 1968 சட்டம் இல்லை. தீர்மானம் என்பது ஒரு அவை தன் மனசைப் பதிவு செய்வது. சட்டம் என்பது அந்த மனசுக்குக் கை கால் முளைப்பது. பிரச்சினை என்னவென்றால், தமிழ்நாட்டில் இந்த ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ அரசையே கவிழ்க்கும். ‘கவன ஈர்ப்புத் தீர்மானம்’ அமைச்சரிடமிருந்து ஒரு பதிலை வாங்கித் தரும். மத்திய அரசை வலியுறுத்தும் தீர்மானம் தில்லிக்கு ஒரு கடிதமாகப் போகும். மூன்றுக்கும் ஒரே பெயர். இலங்கைத் தமிழ் இந்த இடத்தில் நம்மைவிடக் கறாரானது. அவையின் முன் ஓர் உறுப்பினர் வைப்பதை ‘பிரேரணை’ என்கிறார்கள், ‘நம்பிக்கையில்லாப் பிரேரணை’. அவை முடிவெடுத்த பிறகுதான் அது தீர்மானம். முன்வைத்ததற்கும் முடிவானதற்கும் தனித்தனிச் சொல். சமஸ்கிருதச் சொல்லாச்சே என்று ஒதுக்கலாம். ஆனால் ஒதுக்கிய இடத்தில் வேறொன்றை நாம் வைக்கவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஜோடி ஒன்று உண்டு. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எதிர்க்கட்சி கொண்டுவரும். நம்பிக்கை கோரும் தீர்மானத்தை அரசே கொண்டுவரும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததைப் பலர் ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்று எழுதுகிறார்கள். அன்று வாக்கெடுப்புக்கு வந்தது அரசே கோரிய நம்பிக்கை. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்ட பின், பெரும்பான்மையை மெய்ப்பிக்கும் சுமை அரசின் தலையில் விழுந்தது. யார் கேட்கிறார், யார் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறினால் நாடகமே மாறிவிடுகிறது.

மெரினாவில் ஒரு பெயரடை

ஒரு பெயரடை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 ஜனவரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஜல்லிக்கட்டுக்காக ஜனவரி 17 அன்று மெரினாவில் கூடிய கூட்டம் கலையாமல் நின்றது. 21ஆம் தேதி மாநில அரசு ‘அவசரச் சட்டம்’ கொண்டுவந்தது. மறுநாள் முதல்வர் பன்னீர்செல்வம் போட்டியைத் தொடங்கிவைக்க அலங்காநல்லூருக்கே கிளம்பினார். நடத்த முடியவில்லை. மக்கள் கேட்டது ‘நிரந்தரச் சட்டம்’.

‘அவசரம்’ என்ற சொல்லோடு நமக்கு இருக்கும் உறவு அப்படி. அவசரத்துல செஞ்சது, அவசரக்குடுக்கை, அவசர அடி. கூடவே 1975இன் ‘அவசரநிலை’ வேறு பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. ‘அவசரச் சட்டம்’ என்றதும் அரைகுறையாகச் செய்தது, நாளைக்குக் கழன்றுவிடும் என்று கூட்டம் நினைத்ததில் ஆச்சரியம் என்ன?

சட்டப்படி பார்த்தால், பேரவை கூடியிராத சமயத்தில் அமைச்சரவை ஆலோசனையோடு ஆளுநர் பிறப்பிக்கும் இந்தச் சட்டத்துக்கு, நடைமுறையில் இருக்கும் வரை, மற்றச் சட்டங்களுக்கு இருக்கும் அதே வலு உண்டு. பேரவை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் அதற்குப் பதிலாகச் சட்டமுன்வடிவு நிறைவேறாவிட்டால் அது காலாவதியாகும். ஆக, மாணவர்களின் சந்தேகம் பாதி சரி. அது தற்காலிகம்தான். ஆனால் அந்தத் தற்காலிகத்துக்கு ஒரு கதவு இருந்தது, அந்தக் கதவு பேரவையில் இருந்தது. அதை எந்தச் சொல்லும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 23ஆம் தேதி காலை போலீஸ் இறங்கியது. அடிதடி, தீ வைப்பு, நகரமே கலவரமானது. அன்று ஓய்வுபெற்ற நீதிபதி அரிபரந்தாமன் கடற்கரைக்குப் போய், அவசரச் சட்டம் எப்படிச் சட்டமாக மாறும் என்று மிச்சமிருந்த கூட்டத்துக்கு விளக்கினார். மாலையில் பேரவை அந்த முன்வடிவை நிறைவேற்றியது. போலீஸ் நடந்துகொண்டதற்கு எந்த அகராதியும் பொறுப்பேற்க முடியாது. ஆனால் 21ஆம் தேதியே ஒருவர் அந்தக் கூட்டத்திடம் நல்ல தமிழில் பேசியிருந்தால் அந்த இரண்டு நாள் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

‘அவசரச் சட்டம்’ என்ற சொல்லில் இன்னொரு பெரிய குறை உண்டு. அதை யார் போட்டது என்பது அதில் இல்லை. அவசரம் என்பது காரணம். அந்தச் சட்டத்தின் உண்மையான இயல்பு, மக்கள் பிரதிநிதிகளின் அவையில் விவாதம் நடக்காமல் அரசு மட்டும் போட்டது என்பது. இந்த இயல்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பீகார் காட்டியது. 1967க்கும் 1981க்கும் இடையே அங்கே 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. காலாவதியாகும் நேரத்தில் மறுபடி மறுபடி பிறப்பித்து, சிலவற்றைப் பதினான்கு ஆண்டு வரை உயிரோடு வைத்திருந்தார்கள். டி.சி. வாத்வா என்ற பொருளாதார ஆய்வாளர் தொடுத்த வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. பதினான்கு வருஷம் ‘அவசரம்’! வனவாசத்துக்கே அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ‘ஆர்டினன்ஸ்’ என்றே சொல்லியிருந்தால் தெளிவாக இருந்திருக்குமா? அதுவும் இல்லை. இலங்கையில் அதே ஆங்கிலச் சொல் ‘கட்டளைச் சட்டம்’. பிரிட்டிஷ் காலத்தில் போட்ட நிரந்தரச் சட்டங்களுக்கு அங்கே அந்தப் பெயர். 1895இல் வந்த சாட்சியச் சட்டம் அப்படி ஒரு கட்டளைச் சட்டம்தான். நூறாண்டு தாண்டியும் நீதிமன்றங்களில் புழங்குகிறது. ஒரே ஆங்கிலச் சொல், பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் தற்காலிகம், அந்தப் பக்கம் நிரந்தரம்.

அமைச்சர் கொடுக்கும் மனு

உண்மை பேசும் சொல் ஒன்றுக்கு வருவோம். ‘மானியக் கோரிக்கை’. முதல் தடவை கேட்கும்போது குழப்பமாகத்தான் இருக்கும். மானியம் என்றால் உர மானியம், காஸ் மானியம். கோரிக்கை என்றால் நாம் கலெக்டரிடம் திங்கட்கிழமை கொடுக்கும் மனு. அமைச்சர் எதுக்குய்யா மானியம் கேக்குறாரு?

அதுதான் விஷயமே. பழைய தமிழில் மானியம் என்றால் அரசன் கொடுக்கும் நிலக்கொடை. இங்கே கொடுப்பது அவை, கேட்பது அரசு. கல்வித் துறைக்கு இவ்வளவு, காவல் துறைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு அமைச்சரும் அவைக்கு வந்து கேட்க வேண்டும். அவை தராமல் அரசால் அந்தப் பணத்தைச் செலவு செய்ய முடியாது. மக்களாட்சியின் முழுத் தத்துவமும் இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. ‘பட்ஜெட்’ என்ற சொல்லில் இது கிடையாது. அது பழைய பிரெஞ்சில் சின்னத் தோல் பை. நம் அரசியலமைப்பு அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்கிறது. பை நிதியமைச்சர் கையில். மானியம் அவையின் கையில். எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதில் அதிகாரம் எங்கே இருப்பதாக நினைக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

கோரிக்கைக்கு எதிர்க்கட்சியின் பதில் ‘வெட்டுத் தீர்மானம்’. மக்களவை விதிகளில் இதற்கு அழகான கணக்கு உண்டு. அமைச்சரின் கொள்கையே தப்பு என்று சொல்ல, கேட்ட தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்ட, நூறு ரூபாய் மட்டும் குறைக்கச் சொல்லலாம். பல்லாயிரம் கோடியில் நூறு ரூபாய்! பொருளாதாரமாகப் பார்த்தால் சிரிப்பு வரும். குறியீடாகப் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான கண்டனம் கிடையாது.

ஆனால் நாள் முடிந்துவிட்டால், விவாதிக்காத கோரிக்கைகளை எல்லாம் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடலாம். அதற்குப் பெயர் ‘கில்லட்டின்’. இந்தச் சொல்லை நாம் மொழிபெயர்க்காமலே விட்டிருக்கிறோம். தலைவெட்டும் எந்திரத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை போல. 2023 மார்ச் 23 அன்று, இரு தரப்பு அமளிக்கு நடுவே, மக்களவை சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் கோரிக்கைகளை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. கேட்பது, ஆராய்வது, கொடுப்பது என்ற மூன்றில் நடுவில் இருந்தது வெட்டப்பட்டுவிட்டது. சொல் இன்னும் ‘கோரிக்கை’ என்றே இருக்கிறது.

ஆளுநர் உரையின் ஆசிரியர் யார்?

ஆசிரியர் இறந்துவிட்டார் என்று ஒரு கோட்பாட்டை நாம் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதைச் சோதிக்க நல்ல இடம் ‘ஆளுநர் உரை’. பெயரைப் பார்த்தால் ஆளுநர் எழுதியது என்று தோன்றும். எழுதுவது அமைச்சரவை. அரசியலமைப்பின் 176ஆவது பிரிவின்படி ஆண்டின் முதல் கூட்டத்தில் ஆளுநர் அதை வாசிக்கிறார். அவர் கதைசொல்லி, ஆசிரியர் வேறு.

2023 ஜனவரி 9 அன்று கதைசொல்லி பிரதியை மாற்றினார். ‘திராவிட மாடல்’ என்பதையும், பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா, கலைஞர் பெயர்கள் வந்த பகுதியையும் வாசிக்காமல் தாண்டினார். முதல்வர் மு.க. ஸ்டாலின் உடனே எழுந்து, அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஆளுநர் கிளம்பிப் போனார். அதுவரை எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கே சொந்தமாக இருந்த ‘வெளிநடப்பு’ என்ற சொல்லைப் பத்திரிகைகள் ஆளுநருக்குப் போட்டன. 2024இல் சில வரிகளோடு நிறுத்தினார். 2025இல் வாசிக்காமலே போனார். இரண்டு முறையும் பேரவைத் தலைவர் மு. அப்பாவு தமிழ் உரையை முழுதாக வாசித்தார்.

ஒரு பக்கம், தனக்கு ஒப்பாத வரியை ஒரு மனிதர் ஏன் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்த உரை அவருடையதாக இருந்தால். அது அரசின் ஓராண்டுத் திட்டத்தைச் சொல்லும் பிரதி. வாசித்துக் கொடுத்தவர் பெயர் தலைப்பில் இருப்பதால் உரிமை வந்துவிடாது. ‘ஆளுநர் வாசிக்கும் அரசு உரை’ என்று எழுதினால் சண்டை நின்றுவிடாது. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்பது முதல் வரியிலேயே புரியும்.

‘பேசாம இங்கிலீஷ்லயே வெச்சுக்கலாமே?’

இந்த இடத்தில் வழக்கமாக வரும் குரல் இது. தமிழ்ச் சொல் குழப்புகிறது, மூலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்பது. ஆங்கிலம் அப்படியொன்றும் தெளிந்த நீரோடை இல்லை. ஒரு மசோதாவை ‘டேபிள்’ பண்ணினார்கள் என்றால் இந்தியாவிலும் பிரிட்டனிலும் அவையில் வைத்தார்கள் என்று பொருள். அமெரிக்காவில் ஒத்திப்போட்டார்கள் என்று பொருள். நேர் எதிர். ‘ஸ்பீக்கர்’ என்றால் பேசுகிறவர். அவர்தான் அவையில் விவாதத்தில் கலந்துகொள்ளாதவர். ஒரு காலத்தில் மக்கள் அவை சார்பாக மன்னரிடம் போய்ப் பேசியவர் என்ற வரலாறு தெரிந்தால்தான் சொல் புரியும். ‘பேரவைத் தலைவர்’ அந்த வரலாற்றை இழந்தது, ஆனால் இன்றைய வேலையைச் சரியாகச் சொல்கிறது.

தமிழ் ஜெயித்த இடங்களும் உண்டு. ‘வெளிநடப்பு’ என்ற சொல்லில் கோபமும் இருக்கிறது, கால் தரையில் படும் ஓசையும் இருக்கிறது. ‘வெளியேற்றம்’ என்பதோடு அதைச் சேர்த்து வைத்தால் தானாகப் போனதற்கும் தூக்கிக்கொண்டு போனதற்கும் வித்தியாசம் துல்லியமாகத் தெரிகிறது. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் திமுகவினர் வெளிநடப்பு செய்யவில்லை; அவைக் காவலர்களால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் இல்லாமல்தான் 122க்கு 11 என்ற கணக்கு வந்தது. ‘ஜீரோ ஹவர்’ என்பதை ‘நேரமில்லா நேரம்’ என்று ஆக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு கவிஞர் பட்டம் கொடுக்கலாம். மக்களவை விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு நேரமே கிடையாது, வழக்கத்தால் முளைத்தது. இல்லாத நேரத்தில் பேசிக்கொள்ளும் அந்த உரிமையைத் தமிழ்ச் சொல் அப்படியே பிடித்துவிட்டது.

ஆக, தமிழா ஆங்கிலமா என்பது இரண்டாம் கேள்வி. சொல் செய்தவர், செய்தவரின் மேல் இருக்கும் கடமை, முடியும் நாள் இவற்றைக் காட்டுகிறதா மறைக்கிறதா என்பது முதல் கேள்வி.

‘வை’ என்ற துணைவினை

இப்போது ‘நிறுத்திவைத்த’லுக்கு வரலாம். தமிழில் ‘வை’ என்பது வெறும் ஒட்டு இல்லை. ‘அம்மாகிட்ட சொல்லி வை’, ‘அண்ணனுக்குச் சோறு எடுத்து வை’, ‘கதவைத் திறந்து வை’. எல்லாவற்றிலும் பின்னால் ஒருவர் வரப்போகிறார். இப்போது செய்கிற காரியம் அவருக்காக. ‘வை’ வரும் இடத்தில் வினை முடிவதில்லை, காத்திருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் ‘விடு’. ‘நிறுத்திவிட்டார்’ என்றால் கதை முடிந்தது. மூன்றாவதாகப் பேச்சு வழக்கில் ஒரு தொடர் உண்டு: ‘கிடப்பில் போட்டார்’. அதில் முடிவும் இல்லை, காத்திருக்கும் ஆளும் இல்லை. பொருள் அப்படியே கிடக்கும்.

ஆளுநர் சொன்ன பொருள் ‘நிறுத்திவிடுதல்’. அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது; ஒப்புதல் நிறுத்தப்பட்டால் மசோதா வீழும் என்று பேசும் பழைய தீர்ப்பு உண்டு. எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு ‘கிடப்பில் போடுதல்’. இந்த மூன்றாவது சொல்லின் விலை என்ன என்பதைப் பேரறிவாளன் வழக்கு காட்டியது. 1991 ஜூனில் சிறைக்குப் போனவர். அவரையும் மற்ற ஆறு பேரையும் விடுவிக்கலாம் என்று மாநில அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் இரண்டு ஆண்டுக்கு மேல் கிடந்த அந்தப் பரிந்துரை 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. விடுதலை வேண்டுமா கூடாதா என்பதில் தமிழ்நாட்டிலேயே இரு கருத்து உண்டு. ஆனால் ‘கூடாது’ என்று சொல்லவும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கிடப்பில் கிடக்கும் தாளில் கையெழுத்து இருப்பதில்லை. மேல்முறையீடு செய்யவும் பிடி கிடைப்பதில்லை.

2025 ஏப்ரல் 8 தீர்ப்பில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அந்தப் பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்றார்கள், காலக்கெடுவும் வகுத்தார்கள். நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்கு விடையாக, ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த இரண்டையும் ஏற்கவில்லை. நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘கிடைத்ததாகக் கொள்ளும்’ ஒப்புதலும் இல்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: அவைக்குத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க ஆளுநருக்கு வழியில்லை. காரணம் சொல்லாமல் அளவு மீறிக் கிடப்பில் போட்டால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

என் வாசிப்பில் அந்தக் கருத்துரை பாதி வெற்றி, பாதி ஏமாற்றம். ‘விடு’ தோற்றது. ‘வை’ நிலைத்தது. ‘கிடப்பில் போடு’ இன்னும் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் எத்தனை நாள் என்ற கேள்விக்கு விடை இல்லை. அரசியலமைப்பு ‘கூடிய விரைவில்’ என்கிறது. ‘கூடிய விரைவில்’ என்ற தமிழை அரசு அலுவலகத்தில் ஒரு தடவையாவது கேட்டவர்களுக்கு அதன் நீளம் தெரியும்.

அடுத்த முறை செய்தியில் ‘மசோதா நிறுத்திவைப்பு’ என்று வந்தால், ஆளுநர் எந்தக் கட்சிக்காரர் மனசுக்காரர் என்று பார்ப்பதற்கு முன் அந்த ‘வை’யைப் பாருங்கள். எடுத்து வைத்த சோறு யாருக்கோ. நிறுத்தி வைத்த மசோதா பேரவைக்கு. பேரவை வழியாக, அதை அங்கே அனுப்பிய நமக்கு. யாருக்காக வைத்திருக்கிறாரோ அவரிடம் அது திரும்பி வந்ததா, என்ன காரணத்தோடு வந்தது, எத்தனையாம் நாள் வந்தது என்று கேட்பது வாசகரின் வேலை. அந்தக் கேள்விக்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும்.